பதினேழு மஞ்சள் ஹெல்மெட்

அந்தப் புகைப்படம் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்புக் கம்பெனியின் வாசலில் பதினேழு தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பதினேழு தலையிலும் மஞ்சள் ஹெல்மெட். நடுவில் மேஸ்திரி அண்ணன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பார்க்க அழகான படம். ஆனால் நான் அதைச் சுவரில் மாட்டியதே இல்லை.

நான் அங்கே ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அத்திப்பட்டிலிருந்து காலை ரயிலில் போவேன். கம்பெனி டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் படங்களைத் திருத்தும் மென்பொருள் இருந்தது. சாப்பாட்டு நேரமெல்லாம் அதோடுதான் போகும். வழுக்கை மேனேஜருக்கு முடி முளைக்கவைத்து, யாரும் பார்ப்பதற்குள் அழித்திருக்கிறேன். மேஸ்திரி அண்ணனைத் தாஜ்மகால் முன்னால் நிற்கவைத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னா பாப்பா, இப்டி பேஜாரு பண்ணிட்ட? என்ன உட்டுட்டு எவகூட போனேன்னு உங்க அண்ணி சோறே போடல." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி அதை நம்பிவிட்டாரே என்று பெருமை வேறு.

பிறகு ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர்கள் பாதுகாப்போடு வேலை செய்கிறார்களா என்று படம் கேட்டிருந்தார்கள். ஸ்டோரில் இருந்ததோ ஒரே ஒரு ஹெல்மெட். "கம்ப்யூட்டர்லயே சமாளிச்சிடும்மா" என்றார் மேனேஜர். பதினேழு பேரையும் வெறும் தலையோடு படம் எடுத்தேன். அந்த ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துத் தனியாக எடுத்தேன். அதையே ஒவ்வொரு தலையிலும் பொருத்தி, நெற்றியில் நிழல்கூடப் போட்டேன். மேஸ்திரி அண்ணன் எட்டிப் பார்த்து, "கனமே இல்லியே பாப்பா, சூப்பரா கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான்கு மாதம் கழித்து, கிரேனிலிருந்து நழுவிய இரும்புத் துண்டு மேஸ்திரி அண்ணன் தலையில் விழுந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டு நினைவு துடைத்தாற்போலப் போய்விட்டது. மற்ற பதினாறு பேரும் வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் படம். பக்கத்தில், படத்தோடு சேர்த்துக் கம்பெனி ஆள் விட்டுப்போன காகிதம். "ஹெல்மெட் கொடுத்தும் நானே கழற்றிவிட்டேன், விபத்துக்கு நானே பொறுப்பு" என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"பாத்தியா பாப்பா, கம்பெனி ஹெல்மெட் குடுத்துக்கீது. நான்தான் கொழுப்பெடுத்துப்போய் கழட்டி வெச்சிட்டேன் போல."

"போட்டுக்கினு இருந்தா இன்னாயா கொறஞ்சிடும் உனக்கு?" என்று அண்ணி அழுதார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடப்பாவி, நான் கம்ப்யூட்டரில் ஒட்டிய ஹெல்மெட்டை இந்த மனுஷன் தானே போட்டிருந்ததாக நம்புகிறாரே! பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

படத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு ஹெல்மெட்டின் மேலும் விரலை வைத்துக் காட்டினேன். ஸ்டோர் ஹெல்மெட்டின் இடப்பக்கம் ஒரு கீறல் உண்டு. பதினேழிலும் அதே இடத்தில் அதே கீறல்.

"அண்ணா, உங்களுக்கு யாரும் ஹெல்மெட்டே குடுக்கல. நான்தாண்ணா கம்ப்யூட்டர்ல போட்டேன்."

அண்ணி என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துப் போட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் அந்தக் கீறலைத்தான் காட்டினேன். பழி அண்ணன்மேல் விழவில்லை. என் வேலை போனது, போகட்டும்.

இப்போது என் மகள் போனில் விரலால் தடவியே ஆளை அழிக்கிறாள், வானத்தை மாற்றுகிறாள். எனக்குப் பக்கென்கிறது. எழுந்துபோய் பீரோவைத் திறந்து இந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிறேன். அன்று அவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது மேஸ்திரி அண்ணன்தான் இதை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தொப்பியெல்லாம் எடுத்துட்டு நெசப் படத்தக் காட்டு பாப்பா. அடிபடாத என் தலைய ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

ஹெல்மெட் ஒட்டிய படத்தை நான் அசலின் மேலேயே சேமித்திருந்தேன்.

"அது இல்லண்ணா. நான் அழிச்சிட்டேன்" என்றேன்.