தம்பி வாடகைக்கு எடுத்த வீடு

மறைந்தவரை 'அவர்' என்றே எழுத வேண்டும் என்று இந்த நினைவு மலரைத் தொகுத்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன். படிக்கும்போது யாரோ ஒரு பெரியவரைப் பற்றிய கட்டுரை போல இருந்தது. என்னைவிட ஐந்து வயது இளையவன் என் தம்பி. அவனை 'அவன்' என்று எழுதுவதை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள் நான். எத்தனையோ குடும்பங்களிடம் மரணச் செய்தியை நானே சொல்லியிருக்கிறேன். சிலர் அழாமல், நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதைப் போல என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது ஏன் என்று போன வருடம்தான் எனக்குப் புரிந்தது.

அன்று சனிக்கிழமை. நீலசந்திராவில் தம்பி குடியிருந்த வீட்டின் மாடிப் போர்ஷன் காலியாகியிருந்தது. திங்கட்கிழமை புதிதாக ஒரு குடும்பம் வருவதாக ஏற்பாடு. பெயிண்ட் அடிக்க ஆள் வைக்க மாட்டான், தானே அடிப்பான். காலை பத்து மணிக்கு எனக்கு போன் செய்தான்.

"அக்கா, சமையல் ரூமுக்கு இந்த வாட்டி வெள்ளையே அடிச்சிடவா? மஞ்சள்ல எண்ணெய்க் கறை தெரியாது. ஆனா ரூம் இருட்டா கீது."

"வெள்ளையே அடி."

"சரி. சாயந்தரம் வர்றேன். மாமாவ கண்ணு டாக்டருகிட்ட இட்டுக்கினு போணும்ல."

பதினொன்றரை மணிக்கு அவன் மனைவி செல்வி போன் செய்தாள். டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறாள். "அண்ணி, இவரு எழுந்திருக்க மாட்றாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மூன்று தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. ஓடினேன். கை பிடித்துப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸில் வந்த இளைஞர் ஒருவர், "போதும் மேடம்" என்று என் கையை எடுத்துவிட்டார். அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு நாள் கூட மருத்துவமனையில் படுத்ததில்லை. சமையலறையில் இரண்டு சுவர் வெள்ளையாகவும் இரண்டு சுவர் மஞ்சளாகவும் இருந்தன.

நாங்கள் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அப்பா பூமிக்கடியில் வேலை செய்தார். அந்த வீடு நம்முடையது அல்ல, கம்பெனியுடையது என்பது சுரங்கம் மூடிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று ஒவ்வொரு கடிதத்தையும் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். தம்பி அதற்கு முன்பே ஐ.டி.ஐ. முடித்து, நகரத்தின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதல் நான்கு வருடம் தினமும் ரயிலில் போய் வந்தான். முடியாமல்தான் நீலசந்திராவில் அறை எடுத்தான்.

ஒன்பது வருடத்தில் ஐந்து வீடு மாறினான். ஒரு வீட்டு ஓனர் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் மோட்டாரைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். இன்னொருவர், காலி செய்யும்போது பெயிண்ட், ரிப்பேர் என்று சொல்லி அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டார். தம்பி இதற்கெல்லாம் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஐந்தாவது வீட்டின் உரிமையாளர் மகளோடு இருக்கப்போவதாகச் சொல்லி, வீட்டை அவனுக்கே விற்க முன்வந்தார். கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு, அவன் சேமிப்பு, வங்கிக் கடன், அடகு வைக்க என்னுடைய நான்கு வளையல் என்று எல்லாம் கூடி வந்த பிறகு, வக்கீல் ஒரு குறை கண்டுபிடித்தார். பழைய பத்திரம் ஒன்றில் உரிமையாளருடைய அண்ணனின் கையெழுத்து இல்லை. "அது ஒண்ணும் ஆகாது, எல்லாரும் இப்படித்தான் வாங்கறாங்க" என்றார் புரோக்கர். தம்பி ஏழு மாதம் காத்திருந்தான். அந்த அண்ணன் எங்கோ ஆந்திராவில் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பத்திரம் பதிவானது. கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டான். இரண்டு வருடத்தில் என் வளையல்கள் திரும்பி வந்தன.

பிறகு பக்கத்திலேயே இரண்டு சிறு வீடுகள் வாங்கினான். பெரிய ஆள் ஆகிவிட்டான் என்று ஊரில் பேசினார்கள். அவனோ லேத் வேலையை விடவில்லை. தெருவில் மற்றவர்கள் கேட்கும் வாடகையைவிடக் கொஞ்சம் குறைத்தே கேட்பான். "நல்லவங்க வந்தா போகக்கூடாதுக்கா. ஒரு மாசம் பூட்டிக் கெடந்தா அந்த வருஷ லாபம் அதுலயே போயிடும்" என்பான். வருடத்துக்குப் பதினோரு மாத வாடகைதான் வரும் என்று வைத்துக்கொண்டுதான் எந்த வீட்டையும் விலை பேசுவான். குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸைத் தொடவே மாட்டான். தன் மகள் கல்லூரிக் கட்டணத்துக்குத் திண்டாடியபோதும் தொடவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொல்வான்: தான் குடியிருக்காத தெருவில் வீடு வாங்கக் கூடாது.

நான் விருப்ப ஓய்வு பெற்றபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. கையில் மொத்தமாகப் பணம் வந்திருந்தது. நகரத்தின் கிழக்கு எல்லையில் ஒரு நிறுவனம் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தது. முதல் பிளாக் முடிந்து, இரண்டாவது பிளாக்கில் விற்பனை. ஃபிளாட் வாங்கினால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று வருடத்துக்கு மாதம் தவறாமல் வாடகையை அவர்களே கொடுப்பார்களாம். நான் முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்கு என் பணம் போதவில்லை. தம்பியின் வீட்டை ஜாமீன் வைத்தால் வங்கியில் கடன் தருவதாகச் சொன்னார்கள். அவனைக் கூப்பிட்டு விளம்பரத் தாளைக் கையில் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்தான். "ஆளே வராத வீட்டுக்கு அவன் எங்கிருந்துக்கா வாடகை குடுப்பான்? விலைய ஏத்தி வாங்கிக்கினு, உன் காசையே மாசா மாசம் உனக்குத் திருப்பிக் குடுப்பான். மூணு வருஷம் கழிச்சு?"

"அவங்க கம்பெனி. உன்ன மாதிரி நீலசந்திரா ஓனர் இல்ல."

"நான் வேணாம்னு சொல்றேன்க்கா. ஜாமீனும் போட முடியாது."

"என் வளையல்ல வந்த வீடுடா அது" என்றேன். "நீ மட்டும் ஓனரா இருக்கணும். நான் கடைசி வரைக்கும் வாடகை வீட்டுலயே கெடக்கணும். அதானே உனக்கு?"

அவன் எழுந்து நின்றான். என் கணவரைப் பார்த்து, "வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. அவன் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை.

வேறு கடனுக்காக நான் அலைந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் வாக்கில் ஒரு நாள் என் கணவர் என்னை உட்கார வைத்துப் பேசினார். தானே பலமுறை போய் விசாரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முதல் பிளாக்கில் ஒரு மாடிக்குப் பன்னிரண்டு வீடு, நான்கில்தான் ஆள். காவேரிக் குழாய்த் தண்ணீர் கிடையாது, டேங்கர்தான். டேங்கர் வராத நாளில் பக்கெட்டோடு கீழே நிற்க வேண்டும். இரண்டு லிஃப்டில் ஒன்று ஓடுவதே இல்லை. குடியிருக்கலாம் என்று அரசு தரும் சான்றிதழும் இன்னும் வரவில்லை. உண்மையில் அங்கே கிடைக்கும் வாடகை, அவர்கள் சொன்னதில் பாதி. பால் பாக்கெட்டில் தேதி பார்க்காத மனிதர் இவ்வளவையும் விசாரித்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பு. கொஞ்சம் நஷ்டத்தோடு முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை வருடத்துக்குள் அந்த நிறுவனம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டது. என்னோடு முன்பணம் கட்டிய இன்னொரு செவிலி, ஓய்வுப் பணம் முழுவதையும் அங்கே போட்டுவிட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே மற்றவர்களோடு நின்றார். இன்றும் வழக்குக்காக அலைகிறார்.

அதற்கு முன்பே தம்பி என்னிடம் வந்துவிட்டிருந்தான். எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வந்தான். "எங்க தெருவுக்கு மூணாவது தெருவுல கீழ் போர்ஷன் காலி. ஓனரு விக்கிற ஐடியாவுல கீறாரு. மொதல்ல வாடகைக்கு வா. ஆறு மாசம் இரு. மழைக்காலம் ஒண்ணு பாரு. புடிச்சா பேசலாம்" என்றான். அப்படித்தான் நாங்கள் இப்போதிருக்கும் வீட்டை, மாடியோடு சேர்த்து, வாங்கினோம். என் ஓய்வூதியம் மருந்துக்கும் டாக்டருக்கும் போய்விடுகிறது. வீடு நடப்பது மாடியிலிருந்து வரும் வாடகையில்தான்.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

தம்பி போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டுப் பத்திரங்களைச் செல்வி பெயருக்கு மாற்றுவதற்காக அவனுடைய பீரோவைத் திறந்தோம். பத்திரங்களுக்கு அடியில் ஒரு வாடகை ஒப்பந்தம் இருந்தது. அதில் வீட்டுக்காரன் தம்பி இல்லை. குடியிருப்பவன் தம்பி. முகவரி, நான் வாங்கவிருந்த அதே அடுக்குமாடியின் முதல் பிளாக், ஐந்தாவது மாடி. தேதி, நாங்கள் பேசாமல் இருந்த அந்த வருடம்.

முதலில் எனக்கு வந்த நினைப்பு நல்லது அல்ல. சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு ஆண், யாருக்கும் தெரியாமல் ஊருக்கு வெளியே இன்னொரு வீடு எடுத்திருந்தால் என்ன நினைப்பார்களோ அதையே நானும் நினைத்தேன். அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சான்தான்" என்றார். "நான் ஒரு தடவைகூட அங்க போனதில்ல. அவன்தான் மூணு மாசம் அங்க குடியிருந்தான். வெளியில நின்னு கேட்டா ஒண்ணும் தெரியாது மாமா, உள்ள இருந்தாத்தான் தெரியும்னான். எல்லாத்தையும் என்கிட்ட சொல்லி, நீங்களே விசாரிச்ச மாதிரி சொல்லுங்கன்னு சத்தியம் வாங்கிக்கினான்."

அந்தக் குடியிருப்பு நகரத்தின் கிழக்குக் கோடி. பீன்யா மேற்கே. விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பி, மூன்று பஸ் மாறி, ஷிஃப்டுக்குப் போயிருக்கிறான். அவன் கொடுத்த அட்வான்ஸில் பாதியை அங்கேயும் பெயிண்ட் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்களாம்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரிடம் நான் வேறு கதை சொல்லியிருக்கிறேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொல்வேன். என் மகளின் வளைகாப்பில், பந்தியில் உட்கார்ந்திருந்த உறவினர்களிடம், "எங்க வீட்டுக்காரர் மட்டும் அலைஞ்சு விசாரிக்கலைன்னா நாங்க தெருவுல நின்னிருப்போம். சொந்தத் தம்பி எட்டு மாசம் எட்டிக்கூடப் பாக்கல" என்றேன். அப்போது தம்பி சாம்பார் வாளியோடு என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். அடுத்த இலைக்குப் போய்ப் பரிமாறிக்கொண்டிருந்தான். நான் சொன்ன கதை தவறு. எங்களைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றியவன் என் தம்பி. கேட்டவர்கள் எல்லோரும் தயவுசெய்து மாற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை தெருமுனையில் நின்று வழிகாட்டிய பக்கத்து வீட்டாருக்கும், விடுப்பு எடுத்து வந்து மூன்று நாளும் எங்களோடு இருந்த பீன்யா தொழிற்சாலை நண்பர்களுக்கும், தங்கவயலிலிருந்து முதல் ரயிலில் வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை குடிவர வேண்டியிருந்த குடும்பத்தினர், செய்தி கேட்டு ஒரு மாதம் பொறுத்திருந்து, மீதி இரண்டு சுவருக்கும் தாங்களே பெயிண்ட் அடித்துக்கொண்டு குடிவந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

செல்விக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி தனி. ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவளிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. மூணு மாசமும் சனிக்கிழமை சாயந்தரம் வந்துட்டு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போயிடுவாரு. சின்னவ அப்போ டென்த்து. தனியாத்தான் பாத்துக்கினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே செல்வி."

"நானும் அதான் கேட்டேன். தான் சொன்னதுன்னு தெரிஞ்சா அக்கா வீம்புக்குன்னே அந்த ஃபிளாட்ட வாங்கிடும்னு சொன்னாரு."

வாங்கியிருப்பேன்.