பால்கனி மேஜையில் பத்து அவதாரம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வேலையைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்துவிடுவேன். புளியோதரை நன்றாக வந்தது. அன்று முதல் சொந்தக்காரர்கள் யார் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினாலும் கட்டுச்சாதம் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கை உருப்படியாக நடத்தினேன். வருஷா வருஷம் டைம்டேபிள் போடுகிற தலைவலியும் என்னிடமே வந்தது. சுமாராக வேலை செய்கிறவர்கள் ஸ்டாஃப் ரூமில் நிம்மதியாக டீ குடிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

குட்டி பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதில் நான் விழுந்ததற்கு அதுதான் காரணம். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேஜை மேல் வைத்து ஆடும் சண்டை விளையாட்டுக்காகச் செய்த பிளாஸ்டிக் உருவங்கள் அவை. கட்டைவிரல் உயரம் இருந்தால் அதிகம். கவசம் போட்ட எலி, மூட்டை சுமக்கும் சூனியக்காரி, பல் இளிக்கும் குள்ளர்கள். அந்த விளையாட்டு எனக்கு இன்றுவரை தெரியாது. ஆன்லைனில் வாங்குவேன், வண்ணம் தீட்டுவேன், அலமாரியில் வைப்பேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வீட்டுக்காரர் கண் அயர்ந்த பிறகு பால்கனியில் உட்கார்வேன். எங்கள் வீடு மயிலாப்பூரில், மாட வீதிகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாவது மாடி. மெட்ரோ தோண்டுகிற தூசிக்காகப் பால்கனி கம்பியில் பழைய புடவையைக் கட்டி வைத்திருந்தேன். உள்ளே ஒரு சின்ன மேஜை, ஒரு விளக்கு, டிபன் டப்பாவில், காயாமல் இருக்க ஈர டிஷ்யூ விரித்து அதன்மேல் பெயிண்ட். அந்த ஒரு மத்தியானத்துக்காக வாரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு திரிய என்னால் முடிந்தது.

மேல் வீட்டு மாமி பாட்டு டீச்சர். தண்ணி லாரி விஷயமாகக் கேட்க வந்தவர் பால்கனியை எட்டிப் பார்த்தார். சூனியக்காரியைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இத்துனூண்டு மூஞ்சில கண்ணு, மூக்கு, மரு எல்லாம் வெச்சிருக்கேளே! எங்காத்துக் கொலுவுல செட்டியாருக்கு மூக்கு போயிடுத்து. கொஞ்சம் பார்க்கறேளா?"

பார்த்தேன். ஆசையாகவே பார்த்தேன், அதை மறைக்கப்போவதில்லை. என் குள்ளர்களுக்குப் பிறகு அந்தச் செட்டியாரின் முகம் எனக்கு மைதானம் மாதிரி இருந்தது. மூக்கோடு நிறுத்தாமல், கேட்காமலே வெற்றிலை போட்ட உதட்டையும் சரிசெய்தேன். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்த அத்தனை பேரிடமும் மாமி, "கீழாத்து டீச்சர் கைவண்ணம்" என்று செட்டியாரைக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பூரித்துப் போனேன்.

அடுத்த வருஷம் ஆடி முடிவதற்குள் பைகள் வர ஆரம்பித்தன. செய்தித்தாளில் சுற்றிய மாமி வீட்டு மீனாட்சி, வால் உடைந்த ரிஷபம், மிருதங்கம் உரிந்த வாத்தியக் கோஷ்டி. ஆள் யாரென்றே தெரியாத வீடுகளிலிருந்தும் வந்தன. வாட்ச்மேன் ஒவ்வொரு பையையும் மேலே கொண்டுவந்து வைக்கும்போது, "இன்னா டீச்சர், கொலுவுக்கு இன்னும் எம்மா நாள் கீது, அதுக்குள்ள வந்துகினே கீது?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. கொலு முடிந்து மூச்சு விடுவதற்குள் எங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வேலை. பாடகர் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் மாமியிடம் பாட்டுக் கற்றவர், கொலுவுக்கு வந்து செட்டியாரைப் பார்த்தவர். சூசையப்பரின் தாடி, ஒட்டகத்தின் முதுகு, ஆடுகள் எல்லாம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. மாடும் கழுதையும்கூட விடவில்லை.

மாட்டேன் என்று சொல்லவேண்டியதுதானே என்பீர்கள். யாரிடம் சொல்வது? எங்கள் வீட்டுச் சாவி மாமியிடம் இருக்கிறது. காலையில் என் பால் பாக்கெட்டை எடுத்து அவருடைய ஃப்ரிட்ஜில் வைப்பவர் அவர். கோயிலில் சொல்லலாம் என்றால், எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பதில் சொல்லிவிடுவார். "அதுக்கென்ன, அவ பண்ணிடுவா." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்தால் கோபப்படவும் முடியாது. வீட்டுக்கு வந்து முறைத்தால், "உனக்குப் பிடிச்ச வேலைதானே, கொஞ்ச நேரம்தானே" என்பார்.

என்னைப்போல் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சில ஞாயிறுகளில் அடையாறில் ஒரு காபிக் கடையில் கூடுவார்கள். எல்லாம் ஐ.டி. பிள்ளைகள்; என்னை ஆன்ட்டி என்பார்கள். ஒருநாள் போய் என் நிலைமையைச் சொன்னேன். "ஆன்ட்டி, இது பர்ன்அவுட்" என்று உடனே பெயர் வைத்தார்கள். ஒரே நிறத்தில் உழலாமல் வேறு நிறத்துக்கு மாறுங்கள், ஒரு மாசம் பிரஷைத் தொடாதீர்கள், மனுஷ உருவத்தை விட்டுவிட்டுப் பாறை, மரம் என்று செய்யுங்கள். எல்லாம் நல்ல யோசனைதான். தன் பொம்மை தனக்கே சலித்துப்போனவர்களுக்கு அது சரி. என் மேஜையில் என் பொம்மைக்கு இடமே இல்லை. ஒரு மாசம் தொடாமல் இருந்தால் ரிஷபம் என்ன ஆனது என்று ஃபோன் வரும்.

மெல்ல மெல்ல எனக்கு ஏதோ ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பால்கனிக்குப் போகாமல் ஃப்ரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த ஃப்ரிட்ஜையே மறுபடி துடைத்தேன். பிரஷைக் கையில் எடுத்தால், பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரிக்கும்போது வருமே ஒரு சோர்வு, அதே சோர்வு. நான் ஆசைப்பட்டு வாங்கிய தவளை ராஜா ஒன்று பிரிக்காத டப்பாவிலேயே கிடந்தது. அதை நினைத்தால் அழுகை வந்தது. என்னுடையது என்று இருந்த ஒன்றே ஒன்றும் கையை விட்டுப் போகிறதே என்று பயமாக இருந்தது.

இந்த வருஷம் மாமி தசாவதாரத்தைக் கொண்டுவந்தார். மாமியார் காலத்து செட். கையைக் காட்டி வடக்கு மாட வீதியில் புதுசு வாங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "இதை மாத்தப்படுமா டீச்சர்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பழைய வண்ணம் முழுக்கச் செதில் செதிலாக உரிந்திருந்தது. சுரண்டி எடுத்து, பத்துக்கும் வெள்ளை அடித்துக் காயவைத்தேன்.

குட்டி பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களில் பலரும் கண்ணில்தான் ஆரம்பிப்போம். முகத்தில் இருப்பதிலேயே பள்ளமான இடம் அது; கை பிசகினாலும் பிறகு கன்னத்தைப் பூசி மறைத்துவிடலாம். பழக்க தோஷத்தில் அப்படியே செய்தேன். மச்சத்திலிருந்து கல்கி வரை பத்துக்கும் வெள்ளை விழி, கறுப்பு மணி, ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். உடம்பெல்லாம் வெறும் சுண்ணாம்பு வெள்ளை, கண் மட்டும் பளிச்சென்று விழித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமி உள்ளே வந்தார். வந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"கண்ணைத் தொறந்துட்டேளா?"

"ஆமாம் மாமி, ஏன்?"

"ஐயோ, அதைக் கடைசியிலன்னா தொறக்கணும்! வஸ்திரம்கூட இல்லாம நிக்கறாரே பெருமாள்."

கண் வைக்கும்வரை அது பொம்மை, வைத்துவிட்டால் சுவாமி. மாமி வீட்டில் அப்படித்தானாம். எனக்கு எங்கே தெரியும்? பதறிப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். "எனக்கு இந்த முறையெல்லாம் தெரியாது மாமி. தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடுங்களேன்" என்றேன். மாமி விறுவிறுவென்று மேலே போனார். அப்பாடா என்று தவளை ராஜாவின் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார், கையில் கிண்ணத்தோடு.

"சாஸ்திரிகளுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன். தோஷம் ஒண்ணும் இல்லையாம். ஆனா கண்ணைத் தொறந்தப்பறம் பாதியில எடுக்கப்படாதாம். நீங்களே முடிச்சிடுங்கோ. அதுவரைக்கும் சுவாமி பட்டினி இருக்கக் கூடாது பாருங்கோ."

கிண்ணத்தில் கல்கண்டு.

அன்றிலிருந்து மாமி காலையும் மாலையும் வந்தார். குளித்துவிட்டு வந்து என் பெயிண்ட் டப்பாக்களை ஓரமாக நகர்த்தி, ஒரு முழம் பூவைச் சுற்றி, கல்கண்டை வைத்து, மெல்லிய குரலில் ஏதோ பாடிவிட்டுப் போவார். அவசரமாக முடித்துத் தொலைக்கலாம் என்றால் இந்த ஊர்க் கடல்காற்றில் எந்தப் பூச்சு சீக்கிரம் காய்கிறது? டீ கிளாஸைக் கொண்டுபோய் மேஜையில் வைக்க முடியவில்லை. நைட்டியோடு பால்கனிக்குப் போகக் கூச்சமாக இருந்தது. ஹாலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு எதிரிலேயே பால்கனிக் கதவு. அவர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், இந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பேர் பார்த்தார்கள். நடுவில் நான். வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷமாகக் கல்கண்டைத் தின்றுகொண்டிருந்தார்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. மெல்லிய கோடு போடும்போது பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். அதை மாமியிடம் சொன்னால் போதும். எச்சில் பட்ட பெருமாளை என் மேஜையில் ஒரு நிமிஷம் விட்டுவைக்க மாட்டார். வாய்வரை வந்தது. ஆனால் போன வருஷ மீனாட்சிக்கும் அதே உதடு, அதே பிரஷ்தானே? அவர் கொலுவில் வைத்துக் கும்பிட்டதெல்லாம் அவருக்கு என்ன ஆகும்? சாவி என் கையிலேயே இருந்தும் பூட்டைத் திறக்க மனசு வரவில்லை. அன்றிலிருந்து பிரஷை ஈரத் துணியில் கூராக்கினேன். கோடு சரியாக வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எப்படியோ முடித்துக் கொடுத்தேன். பத்தும் அம்சமாக வந்திருந்ததாம். எல்லோரும் சொன்னார்கள். என் காதில் ஏறவில்லை.

மேஜை காலியான முதல் ஞாயிறு, நான் ஃப்ரிட்ஜைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர், "இன்னிக்கு உன் பொம்மைகிட்ட போகலையா?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

"அந்த மேஜையைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. எல்லாம் உங்களாலதான். யார் வந்து கேட்டாலும் பண்ணிடுவா, பண்ணிடுவான்னு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்துட்டீங்க."

அழுதுவிட்டேன், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. அவர் திகைத்துப்போனார். ஃப்ரிட்ஜ் கதவை மெதுவாகச் சாத்தினார், துணியை என் கையிலிருந்து வாங்கினார்.

அதற்கப்புறம் சில ஞாயிறுகள் சும்மா போயின. வண்ணம் தீட்டவில்லை, பால்கனியில் உட்காரமட்டும் செய்தேன். ஒரு மத்தியானம் என்ன தோன்றியதோ, தவளை ராஜாவைப் பிரித்தேன். முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகைப் பார்த்தபோது, மழைக்குப் பிறகு குளத்துப் படியில் இருக்கும் பாசி நிறம் வேண்டும் என்று பட்டது. யாரும் சொல்லவில்லை, எனக்கே பட்டது. எத்தனை மாசம் ஆயிற்று அப்படிப் பட்டு! டிஷ்யூவை நனைத்து, பச்சையில் துளி மஞ்சள் கலந்தேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் காவி சேர்த்தேன். பிரஷ் நுனியை உதட்டில் வைத்தேன்.

காலிங் பெல் அடித்தது. வீட்டுக்காரர்தான் போய்க் கதவைத் திறந்தார். பாடகர் குழு அக்காவின் குரல். குடிலுக்கு இந்த வருஷம் புது செட்டாம், ஒன்றுக்கும் வண்ணம் இல்லையாம், டீச்சர் கைபட்டால்தான் நன்றாக இருக்குமாம். பை தரையில் உட்காரும் சத்தமும் கேட்டது.

"இல்லீங்க" என்றார் அவர். "அவ அதெல்லாம் விட்டுட்டா."

"விட்டுட்டாங்களா? ஐயோ, உயிரா இருப்பாங்களே அதுல!"

"ஆமா, உயிராத்தான் இருந்தா. இப்ப அந்த ஆசை போயிடுச்சு. வேற யாரையாவது பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் இவ்வளவு தீர்மானமாக யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. எனக்காகத்தான் பேசினார். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகவில்லை, இதோ இப்போதுதான் வந்திருக்கிறது, பச்சை இன்னும் காயக்கூட இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எழுந்தும்விட்டேன். ஒரு சத்தம் கேட்டால் போதும், அந்தப் பை உள்ளே வந்துவிடும்.

அப்படியே நின்றேன். "பாவம், நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க" என்றார் அக்கா. லிஃப்ட் கதவு மூடுகிறவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.