பந்தலைத் தாண்டிப் போன பேண்டு செட்

பெண் வீட்டு வாசலில் பேண்டு செட் வந்து நிற்கும், வாசிக்கும். அதுதானே வழக்கம்? சென்ற மாதம் எங்கள் பேண்டு செட் வாசித்துக்கொண்டே வந்தது... வாசித்துக்கொண்டே போயும் விட்டது!

என் அக்காள் புருஷன் சாமுவேல் மாமா ஆம்பூரில் பேண்டு செட் வைத்திருக்கிறார். பகலெல்லாம் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் வேலை செய்கிறவர்கள்தான் வாத்தியக்காரர்கள். மாமாவிடம் கிழட்டு மோட்டார் கார் ஒன்று உண்டு. அதன் வாலில் ஒரு டிரெய்லர் — உடைந்த லாரி ஒன்றின் பின் அச்சை வாங்கி, மேலே பலகை அடித்து அவரே செய்தது. கல்யாணத்துக்குப் போனால் மாமா காரை ஓட்டுவார்; போய் இறங்கிய பிறகு அவரும் ஒரு கிளாரினெட் எடுப்பார். டிரெய்லரில் கிளாரினெட், ஊதுகொம்பு, பெரிய டிரம், பிறகு நான். காலேஜ் வரை படித்தும் எனக்கு ஒரு வாத்தியமும் வராது. ஆகையால் கையில் ஜால்ரா கொடுத்திருக்கிறார்கள்.

டிரெய்லருக்குத் தனியாக ஒரு பிரேக். பெரிய டிரம் வாசிக்கிற முனுசாமி பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் சக்கரத்தின் உள்ளே இருக்கும் இரண்டு அரைவட்ட இரும்புகள் விரிந்து, கூடவே சுற்றுகிற இரும்பு வளையத்தை, அதாவது வட்டையை, உள்ளிருந்து அழுத்தும். வண்டி நிற்கும்.

அன்று நிற்கவில்லை.

பந்தலைக் கண்டதும் மாமா காரை நிறுத்தினார். முனுசாமி லீவரை இழுத்தான். கிறீச்சென்று ஓர் அலறல். அவ்வளவுதான்! பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, முன்னால் கார் வழுக்க, பன்னீர்ச் செம்போடு நின்றவர்களைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டோம். கிளாரினெட்காரர் கடமை தவறாதவர். வாசிப்பை நிறுத்தவே இல்லை.

"குதிங்கடா!" என்று முனுசாமி கத்தினான். எல்லோரும் குதித்து, பலகையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி இழுத்தோம். வண்டி மெதுவாக நின்றது. மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தேன். புழுதியில் எங்கள் செருப்புகள் கிழித்த நீளமான கோடுகள்.

பளிச்சென்று அப்போதுதான் தோன்றியது! இரும்பு நிறுத்தாத வண்டியை எது நிறுத்தியது? தோல்! ஆம்பூரில் இருந்துகொண்டு தோலை மறந்தால் எப்படி?

மறுநாள் மூங்கிலால் நெம்பி, கல் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளே இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங் துள்ளிப் போய் அக்காளின் குழம்புச் சட்டியில் விழுந்தது. அதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை. அரைவட்ட இரும்புகளின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் துணி முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. ஆணிகள் மட்டும் பல்லைக் காட்டின. புதுத் துணி வேண்டுமென்று மதராஸ் கடைக்கு எழுதினால், கப்பலில் வர வேண்டும் என்றார்கள்.

இதற்குள் சேதி ஊரெல்லாம் பரவி, கல்யாணம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது கணியம்பாடிக் கல்யாணம் ஒன்றுதான். பெண்ணின் அப்பா முனிரத்தினம் — வேர்க்கடலை விவசாயி — நேரிலேயே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, என் வூட்டு எதிர்லயே ஏரிக்கரை சரிவு. உங்க வண்டி நிக்குமா நிக்காதா? அத்தச் சொல்லுங்க."

"நிக்கும்ங்க" என்றார் மாமா, வண்டிப் பக்கம் பார்க்காமல்.

"ஆற்காட்டு செட்டு நடந்து வர்றவங்க. வாசிப்பு கம்மிதான். ஆனா நில்லுன்னா நிப்பாங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். என் கண்ணெதிர்ல நிறுத்திக் காட்டுங்க."

அவர் போனதும் மாமா கிளாரினெட்டை உறையில் போட்டுக் கட்டினார். "இதுவும் போச்சுன்னா செட்டைக் கலைச்சிட வேண்டியதுதான், மச்சான். செட்டுக்காரங்க சிவப்புக் கோட்டுங்களையெல்லாம் வெட்டி உங்க அக்கா தலகாணி உறை தைக்கட்டும்."

அக்காள் எஸ்தர் உள்ளேயிருந்து வந்தாள். அந்தக் கோட்டுகளைத் தைத்தவள் அவள். "ராத்திரி ராத்திரியா உக்காந்து தங்கப் பொத்தான் வச்சிருக்கேன். தலகாணி உறையாம்! தம்பி, இன்னாமோ ஐடியா இருக்குன்னியே, செய்டா."

ஓடினேன் ரஹீமிடம். பள்ளிக்கூடத்திலிருந்து என் தோஸ்த். அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோல் ஷாப்பு. விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தான்.

"பிரேக்குக்கா? அரே, எங்க ஷாப்பு தோல் போயி மோட்டார் வண்டியில உக்காரப் போவுதா! சாதா மால் தருவேனா நானு?"

தந்தான் பாருங்கள் ஒரு தோல்! குதிரைச் சேணத்துக்கென்று தயாரித்தது. முகம் பார்க்கலாம். கன்னத்தில் வைத்தால் பட்டு. எங்கள் ஊரில் இப்படித்தான் — யாருக்காவது தோல் கொடுப்பதென்றால், இருப்பதில் உயர்ந்ததைக் கொடுக்காவிட்டால் மானம் போய்விடும்.

தண்ணீரில் நனைத்து, அரைவட்ட இரும்பின் மேல் வளைத்துக் கட்டிக் காயவைத்தோம். கத்தியால் சீவிக் கனத்தைக் குறைத்தோம். பிறகு செப்பு ஆணி. ஆணித் தலை வட்டையில் உரசக்கூடாதல்லவா? தோலில் குழி பறித்து உள்ளே அழுந்தும்படி அடித்தோம். மாட்டி முடித்ததும் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

ஊருக்கு வெளியே ஆற்றங்கரைச் சரிவில் சோதனை; ரஹீமும் கூட வந்தான். மாமா காரை விட்டார். முனுசாமி லீவரை இழுத்தான். கிறீச் இல்லை. அலறல் இல்லை. நெய் தடவினாற்போல... வண்டி போய்க்கொண்டே இருந்தது!

நேராகப் பாலாற்று மணல். அதில் புதைந்துதான் நின்றது.

"சத்தம் மட்டும் நின்னு போச்சு, மச்சான்" என்றார் மாமா.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் விட்டோம். சற்று நேரத்தில் அக்காள் கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"மீன் வாங்கினியா தம்பி? எங்கடா வச்ச?"

"மீனா? இல்லியே அக்கா."

"அப்ப இதுங்களுக்கு இங்க இன்னா வேல?"

பார்த்தால், டிரெய்லரின் சக்கரத்தைச் சுற்றித் தெருப் பூனைகள் அத்தனையும் உட்கார்ந்திருக்கின்றன! ஒன்று சக்கரத்தை நக்குகிறது. இன்னொன்று என்னைப் பார்த்து மியாவ் என்கிறது.

குனிந்து முகர்ந்தேன். மீன் எண்ணெய்! தோலை மெத்தென்று ஆக்க ஷாப்பில் ஊட்டிய எண்ணெய். சக்கரம் சூடேறியதும் கசிந்து, வட்டை முழுக்கப் பூசிவிட்டிருக்கிறது. இழுத்து நிறுத்த வேண்டிய இடத்தில் எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறோம்.

"ரஹீமு!" என்று கத்தினேன். "எண்ணெயே காட்டாத தோல் வேணும்! சொரசொரன்னு, வெறப்பா!"

ரஹீமின் முகம் சுருங்கியது. "ஆவாரம் பட்டையில ஊறிக் காஞ்சதோட நிக்கிற மாலா? அத்தக் குடுத்தேன்னு தெரிஞ்சா அத்தா என்னெ வூட்டுக்குள்ள சேக்க மாட்டாரு. மெருகு இல்ல, ஒண்ணும் இல்ல..."

"மெருகுதாண்டா பேஜாரு!"

"வெளிய யாருக்கும் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றேன். (ரஹீம், மன்னித்துக்கொள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் ரகசியம் சொல்லலாமா?)

ஒரு சாக்கில் சுற்றி, களவுப்பொருளைப் போல அந்தத் தோலைக் கொண்டுவந்தான். தடிப்பாக, மங்கலாக, வறட்டுத் தோல். வழவழப்பான பக்கத்தை உள்ளே தள்ளி, நார்நாராக இருந்த சதைப் பக்கம் வட்டையில் படும்படி அடித்தோம். வட்டையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சாம்பல் தேய்த்து, மறுபடி துடைத்தோம். பூனைகள் ஏமாற்றத்தோடு கலைந்து போயின. அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் வந்தார். பார்த்ததோடு விடவில்லை. "நானும் ஏர்றேன்" என்று டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முனுசாமி லீவரைத் தொடவே பயந்தான்.

"தள்ளு" என்று அக்காள் ஏறினாள். "ஆம்பளைங்க இழுத்த லட்சணம் போதும்."

சரிவில் வண்டி இறங்கியது. வேகம் எடுத்தது. மணல் நெருங்கியது. முனிரத்தினம் பலகையை இறுகப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்...

அக்காள் இழுத்தாள்.

ஒரு சிறு உறுமல். தோல் லேசாகச் சுட்ட வாசனை. வண்டி நின்றே விட்டது! நின்றதோடு இல்லை — முனிரத்தினம் முன்னால் சரிந்து, டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அய்யோ, அடி கிடி பட்டுச்சுங்களா?" என்று மாமா காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

முனிரத்தினம் டிரம்மை விடாமலே சிரிக்க ஆரம்பித்தார். "ஜாஸ்தியாவே நிக்குதய்யா உன் வண்டி! ஆற்காட்டுக்கு ஆள் அனுப்ப வேணாம். நீயே வந்து வாசி!"

மாமா அங்கேயே கிளாரினெட்டை உறையிலிருந்து உருவி ஆற்று மணலில் நின்று வாசித்தார். நான் ஜால்ரா தட்டினேன். தாளம் தப்பியது. யாரும் திட்டவில்லை.

கணியம்பாடியில் எங்கள் டிரெய்லர் வாழை மரத்துக்கு நேராக, பன்னீர்ச் செம்புக்கு முன்னால், வரைந்து வைத்தாற்போல நின்றது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முனிரத்தினம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "எப்டி நின்னுது பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், ஏதோ அவரே ஆணி அடித்தவர் போல!

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீளமான இறக்கத்தில் லீவரை இழுத்தபடியே வைத்திருந்தால் தோல் கருகிவிடும். விட்டு விட்டு இழுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் காரியம் சாதிப்பதும் இப்படித்தானே?

உயர்ந்தது எது என்பதில்தான் எத்தனை குழப்பம்! சேணத்துக்கு ராஜாவாக இருந்த தோல் பிரேக்குக்குப் பூனை விருந்தாகிவிட்டது. ஒதுக்கிப் போட்ட வறட்டுத் தோல் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியது... மன்னிக்கவும், கல்யாண வாசலில் நிறுத்தியது!

அடுத்த கேள்வி ஏற்கெனவே மூளையைக் குடைகிறது. தோல் நனைந்தால் பிரேக் பிடிக்குமா? பாலாற்றில் முதல் தண்ணீர் வருகிற அன்று டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கி, கரையேற்றி, சரிவில் விட்டுப் பார்க்கப் போகிறோம். லீவர் அக்காள் கையில். தோல் ரஹீமுடையது.

கார் மாமாவுடையது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்வார்.