அணைந்த எஞ்சினில் அழுத்தம்

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கஜபதியின் ஷெட் இருக்கிறது. போர்டு கிடையாது. டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு வழி தெரியும்.

பாடி என்ற இடத்தில் ஒரு கடையில் டீசல் பம்புகளைப் பிரித்துச் சேர்த்தே வாலிபத்தைக் கழித்தவர் கஜபதி. கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வர ஆரம்பித்ததும் கூட இருந்தவர்கள் பலர் பைக் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும், "அதுவும் வண்டிதானே, இன்னா கடிச்சிடவா போவுது?" என்று ஒரு ஸ்கேனரை வாங்கி, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பழகினார். காலையில் ஷட்டரை ஏற்றி, டீயைக் குடித்துவிட்டு, முதல் வண்டியின் பானட்டைத் தூக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறெங்கும் போக வேண்டியதில்லை, வேறெதுவும் வேண்டியதில்லை என்று இருக்கும்.

அந்த முகம் நவம்பர் மழையில் ஒருநாள் சற்று வாடியது. ரேணுகாவின் கார் திரும்பி வந்திருந்தது.

ரேணுகா ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்று, பழைய டீசல் கார் ஒன்றை வாங்கியவள். இந்த வருஷ முதல் மழையில் அது மேம்பாலத்து ஏற்றத்தில் இழுவை இல்லாமல் திணறி நின்றது. எஞ்சினுக்குள் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியது. கஜபதி புது சென்சார் போட்டு அனுப்பினார். வெயில் அடித்தவரை நன்றாக ஓடியது. மழை பிடித்ததும் அதே பாலத்தில் மறுபடி நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் கட்டி இழுத்து வந்து விட்டுப் போனார்கள்.

இன்று அவளோடு கணவன் உதயகுமாரும் வந்திருந்தான். திருநெல்வேலிக்காரன், தொழிற்சாலையில் வேலை.

"அண்ணாச்சி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ரெண்டு தடவை பாலத்துல நின்னுட்டு. பின்னால பஸ்காரன் வந்து முட்டிருந்தாம்னா என்ன செய்யதுக்கு? சாயங்காலம் முகப்பேர்ல இருந்து ஒரு ஆள் வாங்க வாராரு. வண்டியக் குடுத்துரப் போறேன்."

"என் வண்டியை நீங்க குடுப்பீங்களா?" என்றாள் ரேணுகா. "பத்து வருஷம் பஸ்ல தொங்கினது நானு. மறுபடி தொங்கச் சொல்றீங்க."

"ஏட்டி, உசுரோட இருந்து தொங்கு."

ரேணுகா கஜபதியைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைக் குத்தியது.

"சார், சாயங்காலம்தானே வர்றாரு? அதுவரிக்கும் இது என் கையில கீது. குந்துங்க" என்றார்.

எஞ்சினைக் கிளப்பவில்லை. சாவியை மட்டும் திருப்பிவிட்டு ஸ்கேனரை மாட்டினார். அழுத்தம் என்ற இடத்தில் முந்நூறு என்று வந்தது. கஜபதி ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா இது? ராத்திரியெல்லாம் தூங்கிக்கினு இருந்த எஞ்சின். பம்பு சுத்தல. அழுத்தம் எங்கேர்ந்து வரும்? பூஜ்யம்தானே காட்டணும்?"

"அப்ப புது சென்சாரும் போச்சா?" என்றாள் ரேணுகா.

"பழசும் பொய் சொல்லுது, புதுசும் அதே பொய்யச் சொல்லுதுன்னா, பேசறவன் மேல தப்பில்ல தங்கச்சி. நடுவுல எவனோ சேதிய மாத்தறான். அழுத்தம் நெறைய கீதுன்னு நம்பிக்கினு கம்ப்யூட்டர் டீசலைக் கொறைக்குது. வண்டி மூச்சு முட்டி நிக்குது."

சென்சாரில் செருகியிருந்த ஒயர் சாக்கெட்டைக் கழற்றினார். போன தடவை புது சென்சாரில் அவசரமாக மாட்டியபோது அதன் வாய்க்குள் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நடுவில் லேசாகச் சிவப்பு. துருவா? துரு இப்படி இருக்காதே. விரலில் எடுத்து மோந்து பார்த்தார். சந்தன வாசனை.

டீத் தூக்கோடு வந்த அவர் மனைவி சுசீலா எட்டிப் பார்த்தாள்.

"அய்யே, இது நான் வெச்ச பொட்டு!"

"எதுல வெச்ச?"

"ஆயுத பூஜை அன்னிக்கு இந்த வண்டி சர்வீசுக்கு வந்து இங்கதானே நின்னுச்சி? மொத தபா பாலத்துல நிக்கறதுக்கு முன்னாடி. நீ இத்தக் கழட்டி எஞ்சின் மேல வெச்சிருந்தே. வாயப் பொளந்துகினு மொகம் மாதிரி இருந்துச்சி. ஸ்பேனருக்கு, ஜாக்கிக்கு, உன் போனுக்கெல்லாம் வெச்சேன்ல? அதுக்கும் ஒண்ணு வெச்சேன்."

"அதும் வாயிலியா வெப்ப?"

"நீ பாக்காம மாட்டினியே, உன் கண்ணு இன்னா பொரி வாங்கப் போயிருந்துச்சா?"

உதயகுமார் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. ரேணுகாவும் சிரித்துவிட்டாள். கஜபதி மட்டும் சந்தனம் ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அது காய்ந்து சும்மா கிடந்திருக்கிறது. மழை ஈரத்தில் ஊறும்போதெல்லாம் ஒரு கம்பியின் மின்சாரத்தை அடுத்த கம்பிக்குக் கசியவிட்டிருக்கிறது. பழைய சென்சாரைப் பாவம், வீணாகத் தூக்கிப் போட்டாயிற்று.

ஸ்ப்ரே அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, காற்றுப் பிடித்து உலர்த்தினார். நைந்திருந்த ரப்பர் வளையத்தை மாற்றி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் ஸ்கேனர் பூஜ்யம் காட்டியது. ஒயரை இழுத்தும் ஆட்டியும் பார்த்தார். எண் அசையவில்லை.

"ஸ்கேனர் சொல்லுதுன்னு நான் நம்ப மாட்டேன் அண்ணாச்சி. பாலம் சொல்லணும்" என்றான் உதயகுமார்.

"சொல்லட்டும். நானும் வர்றேன், வா."

மழை தூறிக்கொண்டிருந்தது. ரேணுகா ஓட்டினாள். பக்கத்தில் உதயகுமார், ஒரு கையால் மேலே கைப்பிடியைப் பிடித்தபடி. பின்சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு கஜபதி. கார் பாலம் ஏறத் தொடங்கியது. முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்தது. ரேணுகா கியரைக் குறைத்து மிதித்தாள். ஸ்கேனரில் எண் சரசரவென்று ஏறியது. கார் லாரியைத் தாண்டி உச்சிக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மறுபக்கம் இறங்கியது.

உதயகுமார் கைப்பிடியை விட்டான். போனை எடுத்து முகப்பேர்க்காரரைக் கூப்பிட்டான்.

"சார், வர வேண்டாம். வண்டி குடுக்கல... இல்ல இல்ல, வெலையெல்லாம் பிரச்சினை இல்ல. வீட்ல ஓட்டுதாங்க."

கஜபதி சீட்டில் சாய்ந்துகொண்டார். திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போனது. ரேணுகா திருப்பவில்லை.

"தங்கச்சி, கடை தொறந்து கெடக்குது."

"அக்கா பாத்துப்பாங்க அண்ணா. அடுத்த திருப்பத்துல திருப்பிடறேன்."

"சும்மா போம்மா" என்றார் கஜபதி. அவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.