பிரேக் மாஸ்டர் வீட்டுப் பீரங்கி வண்டி

பார்சல்காரர் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, உள்ளே பாறாங்கல்லா?"

"தெரியலையே" என்றாள் மாஸ்டரின் மனைவி. நிஜமாகவே தெரியாது. அந்த வீட்டில் அவள் மறைத்து வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம்தான். அதற்கு எடை கிடையாது. ஆனாலும் ரெண்டு மாதமாக அதைச் சுமந்ததில் அவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். பழகுகிற வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு மிதிக்க வைத்தது. ஆபத்து வரட்டும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை நம் மாஸ்டர். தூரத்தில் ஒரு நாய் ரோட்டைத் தாண்டலாமா என்று யோசித்தாலே மிதித்துவிடுவார். பிரேக் மாஸ்டர் என்ற பெயர் அப்படி வந்தது. "சாவியைத் தொடுறதுக்கு முன்னாடி முதல்ல பிரேக்" என்பதுதான் அவருடைய முதல் பாடம். பலருக்கு அதுவே கடைசிப் பாடமும்.

மிதித்து மிதித்து வலது மூட்டு தேய்ந்தது. ஆபரேஷன் ஆகி, இப்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே குடும்பத்தை ஓட்டினார். அவள் வெங்காயம் நறுக்கினால் "மெதுவா, மெதுவா" என்பார். தண்ணீர்க் குடத்தோடு வாசல்படி தாண்டினால் "லெப்ட் பார்த்து வா" என்பார். காலை மட்டும்தான் டாக்டரால் கட்ட முடிந்தது.

அவள் மறைத்த விஷயத்துக்கு வருவோம். கல்யாணமான புதிதில் மனைவிக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தார் மாஸ்டர். முதல் நாளே நாலு ரோடு கூடுகிற இடத்தில் வண்டி பொசுக்கென்று நின்றது. அவள் மிதித்தாளா, அவர் மிதித்தாரா, யாருக்கும் தெரியவில்லை. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, அவள் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். "உனக்கு வராது, விடு" என்றார். விட்டாள்.

அவருக்கு ஆபரேஷன் ஆன பிறகு, காலையில் நடக்கப்போகிறேன் என்று தினமும் கிளம்பினாள். நடந்தது தெருமுனை வரைக்கும்தான். அங்கே கார் நிற்கும். அதுவும் யார் கார்? பெயரைக் கேட்டாலே மாஸ்டர் பல்லைக் கடிக்கிற எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல் கார். அதை நடத்துகிற அம்மாளை அவர் 'ஹாரன் டீச்சர்' என்றுதான் சொல்வார். வண்டியைப் பின்னால் எடுக்கிறதுக்கு முன் ரெண்டு தடவை ஹாரன் அடி என்பது அந்த அம்மாளின் பாடம். "பின்னாடி இருக்கிற சுவருகிட்ட வழி கேக்கிற கூட்டம்" என்று மாஸ்டர் சிரிப்பார்.

டெஸ்டும் பாஸாகி, லைசென்ஸும் வந்துவிட்டது. ஒருநாள் மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு மாசமா நடக்கிறே, உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கே?" என்றார். "காலுக்கு ஓய்வு கொடுத்தீங்க, கண்ணுக்கும் கொஞ்சம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். போன தடவை டாக்சியில் போனார்கள். மாஸ்டர் பின்சீட்டிலிருந்து பாடம் நடத்த ஆரம்பித்ததும் டிரைவர் ஓரமாக நிறுத்தி, "ஐயா, ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்லை இறங்குங்க" என்றார். இறங்கினார்கள். ஊன்றுகோலும் கையுமாக நடுரோட்டில் நின்றபோது, வீட்டு வாசலில் உறை போட்டுச் சும்மா நிற்கிற சொந்தக் காரைத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அதை அவள்தான் எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். பூனைக்கு மணி கட்டுகிற வேலை. பூனையோ ஏற்கெனவே காலில் கட்டோடு சீறிக்கொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் பெட்டி வந்தது. டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டரோடு வேலை பார்த்தவர்கள் அனுப்பியது. "காலே வேண்டாம் மாஸ்டர், கையாலயே ஓட்டலாம்" என்று போனில் சொன்னார்களாம்.

அட்டைக்குள் அட்டை, அதற்குள் வெள்ளைத் தெர்மகோல். அதை இழுத்தபோது கீச்சென்று எழுந்த சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. உள்ளே பச்சைப் பெயின்ட் அடித்த பொம்மைப் பீரங்கி வண்டி ஒன்று, மரப்பலகையில் வைத்துக் கீழேயிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. முழுக்க இரும்பு. செயின் மாதிரி பட்டைகள்கூட இரும்புதான். ஒரு சின்னப் பையில் கோடாலி, மண்வெட்டி, விரல் நீளத்தில் ஒரு சிப்பாய். புகைக்கு ஒரு புட்டி எண்ணெய். ரெண்டு குச்சி நீட்டிக்கொண்டிருக்கிற ரிமோட்.

மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக அதில் விளக்கு எரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள். இந்த வண்டி ஓடட்டும். மனுஷன் குளிர்ந்துபோயிருக்கிற நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வண்டி ஓடவில்லை.

பேட்டரி ஏற்றி, வயிற்றுப்பக்கம் இருந்த சுவிட்சைப் போட்டு, ரிமோட்டை ஆன் செய்தால் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. அதோடு சரி. கூட வந்த தாளில் படிக்கிற எழுத்தே இல்லை, வெறும் படங்கள். அதில் ஒரு படத்தில் ரிமோட்டும், குச்சியின் மேல் ஒரு கட்டைவிரலும், அதற்குக் குறுக்கே பெரிய பெருக்கல் குறியும்.

"கை சுத்தமா இருக்கணுமாம்" என்றார் மாஸ்டர். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தார். மினுக் மினுக்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். மாஸ்டரின் தம்பி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். தன் வண்டியில் எல் போர்டு காரைக் கடந்துபோனபோது உள்ளே அண்ணியைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் கண்ணாலேயே உயிரை வாங்குகிறவன்.

வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருக்கும்ணே" என்றான்.

"இதுல ஏதுடா கேஸ்?"

"எல்லா மெஷின்லயும் ஏதோ ஒரு கேஸ் இருக்கும்ணே. வெளியே தெரியாது."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வண்டியைக் கவிழ்த்துப்போட்டார்கள். வயர்களைப் பிடுங்கிச் சொருகினார்கள். பட்டை இறுக்கமாக இருக்கிறது என்று தளர்த்தினார்கள். தளர்ந்த பட்டை சரசரவென்று கழன்று பீரோவுக்கு அடியில் ஓடியது. அந்த வண்டியில் முதலில் ஓடியது அதுதான். அவள் குப்புறப் படுத்து விளக்குமாற்றால் தள்ளி எடுத்துக் கொடுத்தாள். மறுபடி பூட்டினபோது ஸ்க்ரூ ஒன்று மிஞ்சியது.

"கம்பெனிக்காரன் உபரியா ஒண்ணு போட்டிருப்பான்" என்றான் கொழுந்தன்.

மறுநாள் ஞாயிறு. காலையிலிருந்தே அதே வேலை, அதே மினுக்கல். மாஸ்டர் முகத்தில் எரிந்த விளக்கு அணைந்து, வேதாளம் மறுபடி மரம் ஏறிவிட்டது. காபியில் சூடு இல்லை என்றார். ஃபேன் காற்றில் சத்தம் இருக்கிறது என்றார்.

"நாளைக்குத் திருப்பி அனுப்பு. ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டாக்சியில ஏறி எவன்கிட்டயும் பேச்சு வாங்க என்னால முடியாது."



"அண்ணிகிட்ட கொடுத்துப் பாருங்கண்ணே" என்றான் கொழுந்தன். "அவங்க கைராசி உங்களுக்குத் தெரியாது. ரவுண்டானாவையே சுத்தி வர்றவங்க."

"ரவுண்டானாவா?"

"வாக்கிங்கைச் சொல்றேண்ணே."

அவள் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர் குடிக்க எழுந்துபோனான்.

"கடைசியா ஒரு தரம் போட்டுப் பாருங்க" என்றாள் அவள். வண்டியைத் தரையில் வைத்தாள். இந்தத் தடவை வண்டியைப் பார்க்கவில்லை, மனுஷனைப் பார்த்தாள். மாஸ்டர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். உதடு அசைந்தது: முதல்ல பிரேக். கட்டைவிரல் குச்சியைத் தன் பக்கம் இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நீட்டியிருந்த காலில் கட்டையும் மீறிப் பெருவிரல் முன்னால் வளைந்தது. பிறகுதான் ரிமோட்டை ஆன் செய்தார். மினுக் மினுக்.

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். குச்சியின் மேல் கட்டைவிரல். குறுக்கே பெருக்கல் குறி.

"ஏங்க, விரலை எடுங்க."

"எந்த விரலை?"

"அந்தக் குச்சி மேல இருக்கிற விரலை. கழுவணும்னு போடலை, எடுக்கணும்னு போட்டிருக்கு."

"பிரேக் பிடிக்காம எந்த மடையனாவது வண்டியை ஸ்டார்ட் பண்ணுவானா?"

"அது பிரேக்னு உங்களுக்கு யார் சொன்னது?"

மாஸ்டர் விரலை எடுத்துவிட்டு ஆன் செய்யப் பார்த்தார். எடுத்த விரல் தானாகத் திரும்பி வந்து குச்சியில் உட்கார்ந்தது. இன்னொரு தரம் எடுத்தார். இன்னொரு தரம் வந்தது.

"என்னால முடியலை. நீயே போடு."

அவள் ரிமோட்டை வாங்கி, குச்சிகளைத் தொடாமல் ஆன் செய்தாள். மினுக்கல் நின்றது. இரும்புக்குள்ளிருந்து ஒரு இருமல், ஒரு கனைப்பு, அப்புறம் நிஜ லாரி மாதிரி எஞ்சின் உறுமியது. பின்பக்கம் புகை கிளம்பியது. தண்ணீர்ச் செம்போடு வந்த கொழுந்தன் "கேஸ் ஏறிடுச்சுண்ணே!" என்று கத்தினான்.

அவள் மெதுவாக முன்னால் தள்ளினாள். வண்டி கடகடவென்று கிளம்பி நாற்காலிக் கால்களுக்கு நடுவே நுழைந்து, பீரோவைச் சுற்றி, செருப்புகளை ஒட்டினாற்போல் திரும்பி வந்தது. எதையும் இடிக்கவில்லை. மாஸ்டர் குழந்தையைப்போல் சிரித்தார். அவளும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. வண்டி சுவரோரம் போய் நின்றது. பின்னால் எடுக்க வேண்டும். அவள் தலை தானாக இடது தோளுக்கு மேல் திரும்பியது. கை தானாகப் பொத்தானைத் தேடி அழுத்தியது. ரிமோட்டில் ஹாரன் இல்லை. அது பீரங்கி சுடுகிற பொத்தான்.

டமார். டமார்.

ரெண்டே ரெண்டு தரம். அப்புறம் அழகாக ரிவர்ஸ்.

கொழுந்தன் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தரம்" என்றார் மாஸ்டர்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"சுவருகிட்ட வழி கேட்டிருக்கே."

"கை பட்டுடுச்சு."

"ரெண்டு தரமா? ஹாரன் டீச்சர்கிட்டயா போனே?"

இனி மூடி என்ன பயன்? முழுப் பூசணிக்காய்தான் சோற்றுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறதே. "ஆமாங்க" என்றாள். "லைசென்ஸும் வந்துடுச்சு. நாளைக்கு உங்களை நான்தான் கூட்டிட்டுப் போறேன். உங்களை ரோட்டுல நிறுத்தினதை என்னால மறக்க முடியலை."

பீரங்கி வண்டி நடுவில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"அங்கே, ஊர்ல இருக்கிற அத்தனை ஸ்கூலையும் விட்டுட்டு அங்கே" என்றார் மாஸ்டர்.

"உங்க ஸ்கூல்ல சேர்ந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடுமே அண்ணே" என்றான் கொழுந்தன்.

"நீ வாயை மூடு. உனக்கும் தெரியுமா? உனக்கு வீட்டுக்குப் போற வழி தெரியுமில்ல?"

கொழுந்தனுக்குத் தெரிந்திருந்தது. போய்விட்டான்.

மாஸ்டர் மறுபடி ரிமோட்டையே பார்த்தார். "இன்னொரு தரம் ரிவர்ஸ் எடு."

எடுத்தாள். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மோசமில்லை. உனக்கு வராதுன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான்."

"ரிமோட்டுக்கு வேற பேட்டரி வாங்கி வைக்கணும்" என்றார் மாஸ்டர்.

திங்கட்கிழமை காலை அவள் காரின் உறையை உருவினாள். மாஸ்டர் பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தார். மடியில் பீரங்கி வண்டியின் ரிமோட்.

"இது எதுக்குங்க?"

"சும்மா. கைக்குப் பிடிப்பா இருக்கும்."

வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சிக்னல் வந்தபோதெல்லாம் குச்சியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தார். அவளும் அப்போதுதான் பிரேக்கை மிதித்தாள். கார் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக நின்றது. மாஸ்டர் தனக்குள் தலையாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், சுவருக்கும் ஒரு வேனுக்கும் நடுவே பின்னால் எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அவள் கை ஹாரன் வரை போய்த் தயங்கி நின்றது. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"ம், அடி. பழகின கையை நடுவுல நிறுத்தினா வண்டி உதறும். சுவருகிட்ட வழி கேட்டுக்க."

அவள் ரெண்டு தரம் அடித்தாள். காவல்காரர் திரும்பிப் பார்த்தார். கார் பின்னால் போய்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மாஸ்டர் குச்சியை இழுத்துப் பிடித்திருந்தார். வண்டி நின்ற பிறகும் விடவில்லை.

"இறங்கலாமா?" என்றாள்.

"ஹேண்ட் பிரேக் போட்டியா?"

"போட்டுட்டேன்."

அப்புறம்தான் விரலை எடுத்தார்.