குறைவாக அடுக்கிய தகடு

ஆரணியில் ஸ்டெபிலைசருக்குக் கம்பி சுற்றிச் செய்துகொடுக்கும் ஜெயவேலைக் கைதேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது. வாங்கிய வேலையைச் சொன்ன நாளில் கொடுப்பார், அவ்வளவுதான். 1998இல் பட்டு நெசவாளி பரிமளாவின் வீட்டு டிவிக்கும் அப்படித்தான் ஒன்று கொடுத்தார். டிரான்ஸ்பார்மருக்குள் அடுக்கும் இரும்புத் தகடு அன்று போதவில்லை. சென்னையிலிருந்து சரக்கு வரக் காத்திருக்காமல், மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே அடுக்கினார்.

இரும்பு காந்தத்தை ஓரளவுக்குத்தான் வாங்கிக்கொள்ளும். நிறைந்துவிட்டால், அதற்கு மேல் வோல்டேஜ் ஏற ஏறக் கம்பிச்சுருளில் மின்சாரம் கட்டுமீறிப் பாய்ந்து சூடேற்றும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை அரிசி ஆலைகள் மின்சாரத்தை இழுக்கும் ஊரில் வோல்டேஜ் நூற்றெண்பதை எப்போது தாண்டியிருக்கிறது? இந்த இரும்பே போதும் என்று நினைத்தார்.

அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று ஆலைகள் எல்லாம் நின்றன. வோல்டேஜ் இருநூற்று அறுபதுக்கு ஏறியது. தறிக்கு மேல் பலகையிலிருந்த ஸ்டெபிலைசர் பெட்டி உறுமிப் புகைந்தது. அதன் பிளாஸ்டிக் உருகி, எரிந்தபடியே தறியில் விரித்திருந்த பாவு நூலின்மேல் சொட்டியது. பரிமளா நெருப்பைக் கையாலேயே அழுத்தி அணைத்தாள். வலக்கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. தறியில் அறுந்த இழைக்கு இனி அவளால் முடிச்சுப் போட முடியாது.

மறுநாள் ஜெயவேல் போய் நின்றபோது அவளே முந்திக்கொண்டாள். பூஜையில் பெட்டிக்கும் சந்தனத் தண்ணீர் தெளித்தாளாம். அதுதான் உள்ளே இறங்கியிருக்குமாம். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, பூஜைக்கு முந்தின நாள், அந்த வீட்டு மிக்சியைப் பார்க்கப் போயிருந்தார். பரிமளாவின் மாமியார் கெங்கம்மாள் தறியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "தண்ணி தெளிக்கறதுன்னா மட்டும் இவள கூப்டாதீங்க. ஊட்டையே கொளுத்திடுவா."

பரிமளாவும் சிரித்தபடி குனிந்து நூல் சுற்றும் ராட்டினத்தைச் சுற்றினாள். இப்போது அவளுக்கு அந்த வேலைதான். கெங்கம்மாள் உள்ளே போனதும் ஜெயவேல் சொன்னார்:

"தண்ணியால இல்லம்மா. தகடு கம்மியா போட்டுட்டேன். தப்பு என்னுது."

ராட்டினம் நின்றது.

"அன்னிக்கே தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"கை போனத கேக்கல. நாலு வருசமா இந்தக் கைய நானே திட்டிகினு இருந்தேனே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

அவள் உள்பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்தே, கொஞ்சம் வாங்க. அண்ணன் ஒண்ணு சொல்லணுமாம்."

கெங்கம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஜெயவேல் எழுந்து நின்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.