பஸ் ஷெட்டில் ஒரு தூக்குக் களி

பி.ஏ. முடித்து வந்தவனைத் தாலுக்கா ஆபீஸ் நாற்காலியில் பார்க்க ஆசைப்பட்டது எங்கள் இண்டூர் வீடு. நானோ சேலத்தில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள் கிளார்க்காகச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. சில வருஷம் வேலை பழக வேண்டும், பரீட்சை தேற வேண்டும், அதற்குப் பிறகுதான் நானும் ஆடிட்டர்.

"பி.ஏ. படிச்சுப்புட்டுக் கணக்கப்புள்ளயா போறானாம்! இதுக்கு நாலாங் கிளாஸு போதுமேடா" என்றார் சித்தப்பா.

"கணக்கு எழுதறதுக்கு இல்லீங்க. எழுதுனவங்களக் கேள்வி கேக்கறதுக்கு."

"கேள்வி கேக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

எவனும் கொடுக்க வேண்டாம் என்று கிளம்பினேன். அந்த வயதில் எனக்குக் கால் தரையில் நின்றதே இல்லை.

ஆடிட்டர் ஒன்றே ஒன்றில் கறார். கணக்குப் பார்க்கப் போகும் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் ஊருக்குப் போய்விடலாம். போன இடத்திலிருந்து புகார் வந்தாலும் ஊருக்குப் போய்விடலாம்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு அதன் வாயுவில் இருமி இருமி ஓடிய காலம். தர்மபுரியில் ஒரு பாய் நடத்திய பஸ் கம்பெனிக்கு என்னைத் தனியாக அனுப்பினார் ஆடிட்டர். ஊர் பக்கம் என்பதால் வீட்டிலிருந்தே போய்வந்தேன். ஏட்டில் எழுதியிருக்கும் டயரும் கரி மூட்டையும் ஷெட்டில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்து எண்ண வேண்டும். எண்ணினேன். முகம், கழுத்து, கை, காது மடல் எல்லாம் கரி.

உச்சி வெயிலில் பாய் கூப்பிட்டார். "தம்பி, கை கழுவிட்டு வாங்க. வூட்லருந்து சோறு வந்திருக்குது."

"வேணாங்க."

"காப்பியாச்சும்?"

"வேணாங்க."

"தண்ணி?"

அதற்கும் அதே பதில்தான். ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. பஸ் அடியில் படுத்திருந்த டிரைவர் தலையை மட்டும் நீட்டினார். "முதலாளி, அவுங்க இண்டூருப் பக்கத்துப் பெரிய வூட்டுப் புள்ளைங்க. நம்ம கையில வாங்கிக் குடிப்பாங்களா?"

பாயின் முகம் இறுகியது. "எங்க டயரத் தொட்டா தீட்டில்ல. தண்ணிக்கு மட்டுந்தான் தீட்டா? உங்க ஆடிட்டருகிட்ட நானே பேசிக்கறேன். நாளைக்கு வேற ஆளு வரட்டும்."

சாப்பிட்டால் ஆடிட்டரின் சட்டம் என்னை வெளியே தள்ளும். சாப்பிடாவிட்டால் இவர் தள்ளுவார். ஆனால் என்னைச் சுட்டது அது மட்டுமல்ல. ஒருவன் தண்ணீர் வேண்டாம் என்றால் ஜாதிதான் காரணமாக இருக்க முடியும் என்று இந்த மனிதரை நம்பவைத்திருக்கிறோமே, தலைமுறை தலைமுறையாக! அந்தச் சூடு இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டியதும் இல்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்தேன். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். களியைப் பிட்டுப் பாதியை மூடியில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

"உங்க சோத்தத் தின்னுட்டு உங்களையே எப்பிடிக் கேள்வி கேப்பேன்னு எங்க ஆடிட்டரு போட்ட சட்டங்க அது. கோயிலு கணக்குக்குப் போனாலும் இதேதான், மண்டிக்குப் போனாலும் இதேதான். ஆனா எங்க வூட்டுக் களிய நீங்க திங்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல. தின்னுங்க."

பாய் களியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவிவந்து, கரி மூட்டைமேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே கடைசலில் இரண்டு பேரும் தொட்டுத் தின்றோம்.

"உப்பு கம்மி" என்றார்.

"குறிச்சுக்கறேங்க."

அவர் சிரித்த சிரிப்பில் டிரைவரும் பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

எனக்கு முன்பே சேதி இண்டூர் போய்விட்டது. சித்தப்பா வாசலை மறித்து நின்றார். "அந்தத் தூக்க வெளியிலயே போடு. வூட்டுக்குள்ள கொண்டாராத."

தூக்கோடு அவரைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போனேன். அம்மா வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். "அந்த மனுசன் நல்லா தின்னாரா?"

"உப்பு கம்மின்னாரு."

மறுநாள் தூக்கு கனத்தது. உள்ளே இரண்டு உருண்டை. கடைசலில் உப்பும் சரியாக இருந்தது.

கடைசி நாள் கையெழுத்துப் போட வந்த ஆடிட்டர், "இங்கே ஏதாவது சாப்பிட்டாயா?" என்று என்னைக் கேட்டார். பாய் முந்திக்கொண்டார். "எங்கீங்க! இத்தன நாளா நாந்தான் இவரு சோத்தத் தின்னுட்டிருக்கறேன்." ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் அவருக்கு அகப்படவில்லை. பேனாவைத் திறந்தார்.

சித்தப்பா அதன் பிறகு எங்கள் அடுப்படியில் கை நனைக்கவில்லை. கடைசிப் பரீட்சை எழுத மதராஸ் ரயில் ஏறியபோது கட்டுச்சோறு அதே தூக்கில்தான் போயிற்று. கழுவித்தான். எல்லாப் பாத்திரத்தையும் கழுவுவதுபோல.